கையுறையோடு திறக்கும் தாழ்

வெர்க்னி சவோத்
14 செப்டம்பர் 1997

அன்புத் தம்பி அர்காஷாவுக்கு,

அக்கா ரிம்மா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் வானொலிக்கு முன்பே மழையை அறிவித்துவிடுகிறது. நீயும் தமாராவும் எப்படி? சிட்டா பக்கம் இப்போதே உறைபனி விழத் தொடங்கியிருக்கும். கோட்டுப் பொத்தானைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. இந்த வருடம் உருளைக்கிழங்கு பதினோரு மூட்டை. காளான் இரண்டு வாளி உப்பில் போட்டாயிற்று.

பத்திரிகையில் எங்கள் புதுத் துப்பாக்கியின் படம் வந்துவிட்டது. இனி உனக்கு எழுதுவதில் தவறில்லை. பதினோரு வருட உழைப்பு. தோளில் அண்டும் பின்கட்டை நீளமாக வைத்த மூல வடிவம் ஒன்று. கவச வண்டிக்காரர்களுக்கும் பாரசூட் படைக்கும் மடக்கு வடிவம் ஒன்று. குழல் குறுகிய குட்டி ஒன்று. மூன்றுக்கும் உள்ளுறுப்புகள் ஒன்றுதான். ஒன்றில் கழற்றியதை மற்றதில் மாட்டலாம்.

முழுத் துப்பாக்கியையும் ஒரே ஆள் செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். குழல் ஒரு கூட்டத்துக்கு, தோட்டாப் பெட்டி இன்னொரு கூட்டத்துக்கு. எனக்கு வாய்த்தது உள்ளங்கை அளவு. மடக்கு வடிவத்தில் பின்கட்டை இடப்பக்கம் மடிந்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது அல்லவா, அந்தக் கீலும், அதைப் பிடித்து வைக்கும் தாழும் என்னுடையவை. நாலு வருடம் வரைந்து வரைந்து அழித்தேன். எங்கள் தலைமை வடிவமைப்பாளர் யெகோரிச் போன வாரம் அதை முப்பது தடவை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரிம்மா, என் வீட்டுக் கதவு கூட இவ்ளோ சுத்தமா சாத்தாது. இனிமே இதத் தொடாதீங்க, கெட்டுப்போயிடும்." அம்மாவிடம் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு மறுபடி என்னைச் சொல்லவைத்தாள்.

களச் சோதனைக்கு உங்கள் படைப்பிரிவுக்கும் அனுப்புகிறார்கள். ஆயுதக் கிடங்கு உன் பொறுப்பு; அறிக்கையில் உன் கையெழுத்தும் விழும். அக்கா செய்தது என்று சர்க்கரை தூவாதே. இருப்பதை எழுது.

தமாராவுக்கு என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ரிம்மா


9 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். அம்மா முழங்காலுக்கு ஆட்டு ரோமப் பட்டி கட்டிக்கொள்ளட்டும். தமாரா ஒன்று பின்னி வைத்திருக்கிறாள், அனுப்புகிறேன்.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. நானே ஆணி கழற்றினேன். மெழுகுத் தாளைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது குழலை இல்லை. கட்டையை மடக்கினேன், 'டிக்' என்றது. விரித்தேன், 'டிக்' என்றது. பக்கத்தில் நின்ற வண்டியோட்டி வாஸ்கா, "என்னங்க, கடிகாரமா வாங்கியிருக்கீங்க?" என்றான். "எங்க அக்கா பண்ணதுடா" என்றேன். அன்றோடு படைப்பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது யாராவது துப்பாக்கியைக் கீழே போட்டால், "ஏய், அர்காதியோட அக்காவ கீழ போட்டுட்டியே" என்கிறார்கள்.

பையன்களுக்குப் பிடித்திருக்கிறது. வாஸ்கா சொல்வது: "பழசு எங்க அப்பா மாதிரி, ஒதச்சாலும் வேல செய்யும். புதுசு வீட்டுக்கு வந்த மாப்ள மாதிரி, மரியாதையா எடுத்து மரியாதையா வெக்கணும்." நான் அவனுக்கு இரண்டு நாள் கிடங்கு கூட்டும் வேலை கொடுத்தேன்.

குறி நன்றாக விழுகிறது. வண்டிக்குள் ஏற இறங்க மடக்கு வடிவம் சௌகரியம். குளிர்காலம் வரட்டும், அப்போது முழுதாக எழுதுகிறேன்.

உங்கள் இருவரையும் கட்டியணைத்துக்கொள்ளும்,
அர்காதி


11 ஜனவரி 1998

அக்காவுக்கும் அம்மாவுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

நலமாக இருக்கிறோம். கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். இதை அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கிறேன். மணிக்கட்டில் சின்னச் சுளுக்கு, பேனா பிடிக்க வரவில்லை. கவலைப்பட எதுவுமில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடு.

டிசம்பரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்து மூன்று டிகிரி வரை போனது. பயிற்சி முடிந்தது. அறிக்கை மேலே போய்விட்டது. அது ஆலைக்கு வந்ததும் நீயே படித்துக்கொள்.

தமாரா ஓமுல் மீன் உலர்த்தி அனுப்பியிருக்கிறாள். பியருக்கு நன்றாக இருக்கும்.

அர்காதி


வெர்க்னி சவோத்
5 பிப்ரவரி 1998

அன்புத் தம்பிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். மீன் வந்தது. உன் மணிக்கட்டு எப்படி? மூன்று வாரத்துக்கு மேல் சுளுக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டு.

அறிக்கை வந்துவிட்டது. யெகோரிச் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படிக்கச் சொன்னார். குழலுக்குக் குறை இல்லை. தோட்டாப் பெட்டிக்குக் குறை இல்லை. குறுகிய வடிவத்துக்கு ஒரு பத்திப் பாராட்டு. மடக்கு வடிவத்துக்கு மட்டும், 'கடுங்குளிரில் தடித்த கையுறையோடு தாழைத் திறக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றித் திறந்தபோது கீல் பாதியில் சிக்கி, ஊழியர் ஒருவரின் விரல்கள் பனியில் கருகின. இந்த நிலையில் ஏற்கப் பரிந்துரைக்கவில்லை.' கீழே மூன்று கையெழுத்துகள். மூன்றாவது உன்னுடையது. கோழி கிளறினது போல இருந்தது. சுளுக்குக் கையால் போட்டிருப்பாய்.

யார் அந்தப் பிள்ளை? எப்படி இருக்கிறான்? அவன் வீட்டுக்கு யாராவது எழுதினார்களா?

யெகோரிச்சுக்கு அறுபத்தேழு வயது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "எடுத்துக்கலாமான்னு முடிவு பண்ற குழு மார்ச்சுல உக்காருது, ரிம்மா. மடக்கு போச்சுன்னா மூணும் போச்சு. குடும்பத்த பிரிச்சு எடுத்துக்க மாட்டாங்க. கோடைக்கால எண்ணெயப் போட்டிருப்பாங்க, அதான் தடிச்சுப்போச்சு. உங்க தம்பி அந்த ஒரு வரிய எழுதினா போதும்." நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

அர்காஷா, எண்ணெயைப் பற்றி ஒரு தடவை விசாரித்துப் பார்க்க முடியுமா? கிடங்கில் கோடை எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டா? அப்படி ஏதாவது இருந்தால் துணை அறிக்கை ஒன்று அனுப்பலாம். இதை உன்னிடம் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

ரிம்மா


24 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

நலம். அம்மாவின் நலம் அறிய ஆவல்.

எண்ணெய் குளிர்கால எண்ணெய்தான். நானே டப்பா திறந்து நானே போட்டேன். கிடங்கில் வேறு எண்ணெய் இல்லை.

அந்த ஊழியர் நன்றாக இருக்கிறார். சாப்பாட்டில் குறையில்லை. வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சர்க்கரை தூவாதே என்று எழுதியவள் நீ.

அர்காதி


வெர்க்னி சவோத்
22 மார்ச் 1998

அன்புத் தம்பி,

நாங்கள் நலம். நீயும் தமாராவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் வெட்கம் வந்து எழுந்துவிட்டேன். நான் கேட்டது தவறு. ஒரே ஒரு தடவை இதை எழுதுகிறேன், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உன் கடிதத்தை யெகோரிச்சின் மேசையில் வைத்தேன். படித்தார். "டப்பாவ தொறந்தவனே சொல்றான். அப்ப சரி" என்றார். குழுவுக்கு அவரே கைப்பட எழுதி ஒரு வருட அவகாசம் கேட்டார், அதுவும் கிடைத்துவிட்டது. மனிதர் அன்றைக்குப் பத்து வயது குறைந்தவர் போல நடந்தார்.

வேலையைத் தொடங்கிவிட்டேன். ஐஸ்கிரீம் ஆலையின் குளிர்கிடங்கில் எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது டிகிரிதான், உங்கள் குளிருக்கு அது குழந்தை. கம்பளிக் கோட்டும் தடித்த கையுறையுமாக உள்ளே போய் என் தாழை நானே திறந்து பார்த்தேன். திறக்கவில்லை, அர்காஷா. பொத்தான் போல அழகாகச் சின்னதாக வைத்திருந்தேன். கையுறைக்குள் விரல் எங்கே இருக்கிறது, பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அறிக்கை சொன்னது போலக் கையுறையைக் கழற்றினேன். இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது. வெந்நீர் ஊற்றி எடுத்தார்கள். கிடங்குக்காரி கிளாவா, "இதயா தொறக்க முடியலன்னீங்க? பொம்பள கைக்கே இப்படின்னா, சண்டைல நிக்கிறவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டாள். நாலு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. என் மேசை பக்கத்தில் வெப்பக் குழாய் ஓடுகிறது. மொத்தத்தையும் அங்கேயேதான் வரைந்தேன்.

ஒரு உதவி. படைக் கையுறையை மாட்டிக்கொண்டு உன் வலக்கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. கட்டைவிரலுக்கு ஒரு பை, சுட்டுவிரலுக்கு ஒரு பை, மற்றவற்றுக்கு ஒரு பை உள்ள அந்தக் கையுறைதான். ஆலையில் இருப்பவை எல்லாம் புதியவை. உழைத்த கையுறை எப்படி மடங்கும் என்று பார்க்க வேண்டும்.

அன்பு மாறாத,
அக்கா


15 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்கா,

நலம். கேட்டது இணைத்திருக்கிறேன். வலக்கை, இடக்கை இரண்டும். பழைய கையுறை என்பதால் கொஞ்சம் துவண்டிருக்கும்.

யெகோரிச்சுக்கு என் வணக்கம் சொல்.

அர்காதி


வெர்க்னி சவோத்
3 மே 1998

அன்புள்ள தமாராவுக்கு,

நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய விருப்பம். இந்தக் கடிதத்தை அர்காதிக்குக் காட்டாதே.

அவன் அனுப்பிய இரண்டு கைகளும் என் வரைபலகையில் இருக்கின்றன. இருபத்து மூன்று வருடமாக நான் கோடுகளோடு வாழ்கிறவள். இடக்கைக் கோடு சுட்டுவிரலைச் சுற்றி விறைப்பாகப் போகிறது. வலக்கையில் சுட்டுவிரல் பை நுனியில் உள்ளே விழுந்திருக்கிறது. உள்ளே விரல் இருந்தால் பென்சில் அப்படிச் சரியாது. நாலு மாதமாக அவன் தட்டச்சுதான் செய்கிறான்.

அந்த ஊழியர் யார், தமாரா?

ரிம்மா


20 மே 1998

அன்புள்ள ரிம்மா அக்கா,

நாங்கள் நலம். அம்மாவுக்கு என் வணக்கம்.

வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், இனி நான் மறைத்து ஆவதொன்றும் இல்லை.

டிசம்பர் பதினேழு. பயிற்சியில் வண்டிக்குள் ஒரு சிப்பாயால் கட்டையை விரிக்க முடியவில்லை. வாஸ்கா சுத்தியலோடு வந்தானாம். இவர் துப்பாக்கியைப் பிடுங்கி, "எங்க அக்கா பண்ணது, நயமா சொன்னா கேக்கும்" என்று கையுறையைக் கழற்றிவிட்டுத் திறந்திருக்கிறார். பாதி திறந்து கீல் கடித்துக்கொண்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் உள்ளே. வாஸ்கா தாழை உடைக்கப் போனான். இவர் விடவில்லை. "ஒடைக்காத. எப்படி மாட்டுச்சுன்னு குழு பாக்கணும். ஒடைச்சா நாளைக்கு யார் நம்புவா?" என்று சொல்லியிருக்கிறார். வண்டியின் புகைக்குழாய்ச் சூட்டில் காட்டி எடுக்க இருபது நிமிடம். அதற்குள் விரல் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலிலும் ஒவ்வொரு கணுவை எடுத்தார்கள்.

கட்டுப் போட்டு வந்த அன்று நான் அழுதேன். அவர், "அழாத. மாட்டின மாதிரியே பெட்டில போட்டு அனுப்பியாச்சு" என்றார். பிறகு, "அக்காவுக்குத் தெரிஞ்சா அவ கை நடுங்கும். கை நடுங்கினா கோடு நேரா வராது. வேல முடியட்டும்" என்றார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் இருந்தது. இப்போது இல்லை. வேலையை முடியுங்கள், அக்கா.

தமாரா


வெர்க்னி சவோத்
30 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பி அர்காஷாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்காலுக்குத் தமாராவின் பட்டிதான் மருந்து. கோடை முழுக்கக் கடிதம் போடவில்லை. கை ஒழியவில்லை.

முடித்துவிட்டேன். பொத்தான் போயிற்று. அதன் இடத்தில் அகலமான நெம்புகோல் ஒன்று. இரும்பு வெளியே தெரியாது. மேலே பிளாஸ்டிக் உறை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளினாலும் திறக்கும், கட்டைவிரலால் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீலின் வாயை மூடிவிட்டேன், எதுவும் உள்ளே நுழையாது. பனியும் மணலும் கீழே உதிர்ந்து விழ ஒரு பள்ளம். பன்னிரண்டு கிராம் கூடியது. அந்தப் பன்னிரண்டு கிராமுக்காக இரண்டு வாரம் சண்டை போட்டேன்.

இன்னொரு சண்டையும் நடந்தது. தள்ளும் விசையை விதிமுறை சொல்வதில் பாதியாக வைத்தேன். யெகோரிச் கேட்டார்: "முழு கைக்குத்தானே கணக்கு? இவ்ளோ லேசா எதுக்கு?" ஒரு குறிப்பிட்ட கைக்கு அளவெடுத்துச் செய்தது என்றேன். என் பலகையில் ஒட்டியிருந்த தாளை ரொம்ப நேரம் பார்த்தார். சரிந்திருந்த சுட்டுவிரல் நுனியைத் தொட்டுப் பார்த்தார். வரைபடத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்டோபரில் பெட்டிகள் வரும். டிசம்பரில் குழு நேரில் வருகிறது. குறை இருந்தால் எழுது. போன தடவை எழுதியது போலவே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரிம்மா


26 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் சுகம். உங்களுக்கும் புத்தாண்டு சுகமாகவே வரட்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பழக்கம் விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த அன்றே புரிந்துவிட்டது, உனக்குத் தெரியும் என்று. தமாரா முகத்தைப் பார்த்தேன். அவள் முட்டைக்கோஸ் நறுக்குவதில் ரொம்ப மும்முரமாகிவிட்டாள். சரி, போகட்டும்.

குழு போன வியாழக்கிழமை வந்தது. காலையில் முப்பத்தொன்பது. தலைவர் ஒரு கர்னல், கறாரான ஆள், சிரித்து நான் பார்க்கவில்லை. பத்துத் துப்பாக்கிகளை இரண்டு நாள் வெளியிலேயே போட்டு வைத்திருந்தோம். பத்துச் சிப்பாய்கள், எல்லோர் கையிலும் கையுறை. வண்டிக்குள்ளிருந்து குதித்து, விரித்து, சுட்டு, மடக்கி, மறுபடி உள்ளே. ஒவ்வொருவரும் இருபது தடவை. தண்ணீர் ஊற்றி உறைய வைத்தும் பார்த்தார்கள். ஒரு தட்டுத் தட்டினால் பனி உதிர்கிறது, தாழ் திறக்கிறது. சிக்கியது ஒன்றுகூட இல்லை. வாஸ்கா போன மாதமே சேவை முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஒரு மாதம் தங்கியிருந்தான்.

பிறகு கர்னல் என் பக்கம் திரும்பினார்.

"இவங்க எல்லாம் இருபது வயசுப் பசங்க. நீ தொற பாப்போம்."

வாங்கினேன். உள்ளங்கை அடியால் தள்ளினேன், அக்கா. எந்த விரலும் தேவைப்படவில்லை. ஐந்து தடவை மடக்கி விரித்தேன். சுடவும் செய்தேன், நடுவிரல் மிச்சத்தை வைத்து. ஐந்தில் நான்கு நடுவில் விழுந்தது. ஐந்தாவதற்குக் காற்றைக் குறை சொல்லலாம்.

கூடாரத்துக்குள் வந்து கையுறையைக் கழற்றியதும் அவர் பார்த்துவிட்டார்.

"எங்க போச்சு?"

"போன வருஷத்துத் தாழ்ல, தோழர் கர்னல்."

"அதுக்கப்புறமும் அதே ஆள் பண்ணதக் கையில எடுத்தியா?"

"எங்க தப்புன்னு அவங்களுக்குத்தான் முழுசாத் தெரியும். அவங்களே பண்ணதுதான் நல்லது."

அறிக்கையில் வடிவமைப்பாளர் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. கேட்டார். "ரிம்மா ஷிரபோகவா" என்றேன். பேனா நின்றது. என் சட்டையில் இருந்த குடும்பப் பெயரைப் பார்த்தார்.

"சொந்தமா?"

"கூடப் பொறந்த அக்கா."

அவர் பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இடக்கையால் நான் கிறுக்கியிருந்த அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அக்கா பண்ணத வேணாம்னு எழுதினதும் நீதானா?"

"நான்தான்."

கூடாரத்தில் இருந்த அதிகாரிகள் எல்லோரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரன் சாட்சி செல்லாது, வேறு ஆளைக் கூப்பிடு என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். புது அறிக்கையை என் பக்கம் தள்ளினார். பேனாவைத் தலைகீழாகப் பிடித்து நீட்டினார்.

"அப்ப உன் கையெழுத்துதான் முதல்ல வேணும்" என்றார்.

வலக்கையால் போட்டேன், அக்கா. நேரம் எடுத்தது. அவர் காத்திருந்தார்.

அம்மாவுக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. விரல் விஷயத்தை மறைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிடச் சொல்.

உன் தம்பி,
அர்காதி